தங்கக் குழாயும் நம் உண்டியலும்

பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, சங்கத்தின் வரலாற்றைத்தான் எழுதச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அதை எழுத என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்கள், எழுதியும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வேறொன்று மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கு உதவ ஒரு மருத்துவ நிதி தொடங்கலாமா என்ற தீர்மானம் இந்தப் பொன்விழா ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் முன் வரவிருக்கிறது. பதினொரு ஆண்டுகள் இச்சங்கத்தின் உட்கணக்காய்வாளராக இருந்தவன் என்ற முறையில், கை தூக்குவதற்கு முன் நம் குடும்பங்கள் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அது நம் ஊரில் நடந்ததன்று. எல்லையில் நெரிசல் இல்லாவிட்டால் மலாக்காவிலிருந்து காரில் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய சிங்கப்பூரில் நடந்தது.

மருத்துவ அறப்பணியில் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் பழைய உறவு உண்டு. இன்று சிங்கப்பூரின் பெரிய அரசாங்க மருத்துவமனைகளுள் ஒன்றுக்கு டான் டோக் செங் என்று பெயர். அந்தப் பெயருக்குரியவர் 1798இல் மலாக்காவில் பிறந்தவர். ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கடை விரித்ததும் அங்கே போய்க் காய்கறியும் கோழியும் விற்றுப் பிழைப்பைத் தொடங்கி, பெரும் வணிகராக உயர்ந்தார். தெருவில் கிடந்து சாகும் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை கட்ட 5,000 வெள்ளி கொடுத்தார். 1844இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் நோயாளிகள் அந்தக் கட்டடத்துக்குள் போனது 1849இல்தான். மறு ஆண்டு டான் டோக் செங் இறந்துவிட்டார். கட்டடத்துக்குப் பணம் தர ஒரு செல்வந்தர் போதும். அதை நாள்தோறும் நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்பது எந்தக் காலத்திலும் வேறு கணக்கு. மருத்துவ நிதி பற்றிப் பேசும் நமக்கும் இது நினைவிருக்கட்டும்.

அவருடைய பேரன் டான் சே யான். 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, பிறகு புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில் தோட்டம் போட்டவர் அவர்தான். மலாயாவில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்ட முன்னோடி என்று அவரைச் சொல்வார்கள். அந்தப் புக்கிட் ஆசாஹானிலும், கெமுனிங்கிலும், தெபோங்கிலும் பால்மரம் வெட்டியவர்கள் யார் என்று இம்மலரைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தோட்டங்களுக்குச் சம்பள நாள் பார்த்துச் சைக்கிளில் கைலியும் சேலைத் துணியும் கட்டிக்கொண்டு போனவர்களில் என் அத்தாவும் ஒருவர். ஜாசினில் கடன் எழுதி, மெர்லிமாவில் வசூலித்து, கம்போங் கிலிங் பள்ளிவாசலில் மஃரிபுக்கு வந்து சேர்வார் என்று உம்மா சொல்வார்.

அந்தக் காலத்து லயங்களில் சிறுநீரகம் கெட்டுப்போனால் அதற்குத் தனிப் பெயர்கூடக் கிடையாது. "கால் வீங்கிச் செத்தார்" என்பார்கள். மூச்சு வாங்கும், முகம் ஊதும். டிரெஸர் ஐயா புட்டியில் மிக்சர் ஊற்றிக் கொடுப்பார். சில வாரங்களில் முடிந்துவிடும். சுத்திகரிப்பு இயந்திரம் வந்த பிறகுதான், இது பணம் இருந்தால் தள்ளிப்போடக்கூடிய சாவு என்று ஆயிற்று. ஒரு நோயாளி வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலொழிய ஆயுள் முழுக்க அப்படித்தான். மற்ற நோய்க்கு உதவுகிறவர் ஒரு முறை கொடுத்துவிட்டு நகரலாம். இந்த நோய்க்கு உதவத் தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று இரு தரப்புக்கும் தெரியும். இதனால்தான் சிறுநீரக அறநிறுவனங்கள் எப்போதும் பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றன. பெரிய சேமிப்பு வைக்க விரும்புகின்றன. அதில் நியாயமும் உண்டு, ஆபத்தும் உண்டு.

சிங்கப்பூரில் தேசிய சிறுநீரக அறநிறுவனம் 1969 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் சிறுநீரக மருத்துவரான பேராசிரியர் கூ ஊன் தேக். நம் நாட்டின் தேசிய சிறுநீரக அறநிறுவனமும் அதே 1969இல் தொடங்கப்பட்டதுதான். இரண்டும் வெவ்வேறு அமைப்புகள், பெயர் ஒற்றுமையால் யாரும் குழம்ப வேண்டாம். சிங்கப்பூர் நிறுவனம் 1982இல் குவோங் வாய் ஷியு மருத்துவமனையில் தன் முதல் சுத்திகரிப்பு நிலையத்தைத் திறந்தது. அக்காலத்திலேயே அங்கே தொண்டூழியராக இருந்த ஒரு தமிழ் வழக்கறிஞர்தான் டி. டி. துரை. 1992இல் அவர் முழுநேரத் தலைமை நிர்வாக அதிகாரியானார்.

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். துரை வந்த பிறகு அந்த நிறுவனம் வளர்ந்த வளர்ச்சி சாதாரணமானதன்று. அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலேயே சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நோயாளி கைலியோடு படியிறங்கி வந்து படுத்துக்கொள்ளலாம், பஸ் ஏற வேண்டாம். 1994 முதல் தொலைக்காட்சியில் நன்கொடை நிகழ்ச்சி. நட்சத்திரங்கள் உயிரைப் பணயம் வைத்து வித்தை காட்டுவார்கள், திரையின் அடியில் தொலைபேசி எண் ஓடும், அழைத்தாலே பணம் போய்ச் சேரும். மாதந்தோறும் ஐந்து, பத்து வெள்ளி கொடுக்கக் கையெழுத்துப் போட்ட தொழிலாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஏராளம். ஜோகூரில் இருக்கும் என் மச்சான் வீட்டில் அந்த நிகழ்ச்சியை நான் ஒரு முறை முழுக்கப் பார்த்திருக்கிறேன். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

கேள்வி கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1990களின் பிற்பகுதியிலேயே, நன்கொடைப் பணம் வீணடிக்கப்படுகிறது என்று ஒருவர் பேசினார். துரை விமானத்தில் முதல் வகுப்பில் பயணம் செய்ததைக் கண்ணால் கண்டேன் என்றார் ஒரு தொண்டூழியர். ஊழியர்களுக்குப் பெரிய போனஸ் கொடுக்கிறார்கள் என்று ஒரு பெண் நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மூவர் மீதும் அவதூறு வழக்கு பாய்ந்தது. மூவரும் மன்னிப்புக் கேட்டுப் பணமும் கட்டினார்கள். அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? அறநிறுவனத்தைக் குறை சொல்கிறவன் நோயாளியின் உயிரோடு விளையாடுகிறான் என்ற எண்ணமும் ஊரில் பரவியிருந்தது. அறப்பணி செய்பவர்களுக்கு இது மிகப் பெரிய கேடயம். நல்லவர்களுக்கும் அதே கேடயம்தான் என்பதால், யார் நல்லவர் என்று வெளியே தெரிவதில்லை.

2004 ஏப்ரல் 19ஆம் தேதி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் சூசன் லாங் என்ற செய்தியாளரின் கட்டுரை வந்தது. ஓய்வுபெற்ற ஒரு குத்தகைக்காரர் சொன்னது அதன் தொடக்கத்தில் இருந்தது. துரையின் அலுவலகத் தனிக் குளியலறையில் கண்ணாடித் தடுப்பு வைத்த ஷவரும், விலை உயர்ந்த ஜெர்மன் கழிவறைத் தொட்டியும், தங்க முலாம் பூசிய குழாயும் பொருத்தச் சொன்னார்களாம். அவருக்குப் பொறுக்கவில்லை. கவனியுங்கள்: கணக்காய்வாளர்கள், வாரிய உறுப்பினர்கள், புரவலர்கள் எல்லாரும் இருந்த நிறுவனத்தில், முதலில் மனம் பொறுக்காமல் போனது குழாய் பொருத்த வந்தவருக்கு.

நிறுவனமும் துரையும் வழக்கம்போல வழக்குப் போட்டார்கள். இம்முறை எதிரில் இருந்தது சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் என்ற பெரிய பத்திரிகை நிறுவனம். மன்னிப்புக் கேட்டு ஒதுங்க அதற்கு அவசியமில்லை. 2005 ஜூலை 11ஆம் தேதி விசாரணை தொடங்கியது. பத்திரிகையின் வழக்கறிஞர் டேவிந்தர் சிங் குறுக்கு விசாரணை செய்தார். மறுநாளே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் துரை. ஆனால் அந்த இரண்டு நாளில் எல்லாமே வெளியே வந்துவிட்டது. மாதச் சம்பளம் 25,000 சிங்கப்பூர் வெள்ளி. ஒரு வருடம் பத்து மாத போனஸ், அடுத்த இரண்டு வருடங்கள் பன்னிரண்டு மாத போனஸ். 2002 முதல் 2004 வரை மூன்று ஆண்டுகளில் சுமார் 18 லட்சம் வெள்ளி. முதல் வகுப்புப் பயணம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் அன்று மன்னிப்புக் கேட்டுப் பணம் கட்டிய அந்தத் தொண்டூழியர் சொன்னதும் உண்மை. நோயாளிகளின் எண்ணிக்கையை உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குத்தான் தாங்கும் என்று மக்களிடம் சொல்லப்பட்ட சேமிப்பு 26 கோடியே 20 லட்சம் வெள்ளி. அது பல பத்தாண்டுகளுக்குத் தாங்கும் என்று நீதிமன்றத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

மக்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் எண்ணெய் ஊற்றியது ஒரு சொல். நிறுவனத்தின் புரவலராக இருந்தவர் முன்னாள் பிரதமர் கோ சோக் டோங்கின் மனைவி. இவ்வளவு பெரிய நிறுவனத்தை நடத்துகிறவருக்கு ஆண்டுக்கு ஆறு லட்சம் வெள்ளி வேர்க்கடலை போன்றது என்று அவர் சொல்லிவிட்டார். பிறகு வருத்தமும் தெரிவித்தார். நம் ஊரில் கச்சாங் பூத்தே விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இந்த உவமையைச் சொன்னால் சிரிப்பார்களா, என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாத நன்கொடையை நிறுத்தினார்கள். ஜூலை 14ஆம் தேதி துரையும் வாரியம் முழுவதும் பதவி விலகினார்கள். சுகாதார அமைச்சர் காவ் பூன் வான் தலையிட்டார். ஜெரார்ட் ஈ தலைமையில் புதிய வாரியம் வந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் கேபிஎம்ஜி நிறுவனம் 442 பக்க அறிக்கை வெளியிட்டது. அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது சம்பளமோ குழாயோ இல்லை. அதிகாரம் எப்படிக் கைமாறியது என்பதுதான். வாரியம் தன் அதிகாரத்தை நிர்வாகக் குழுவிடம் கொடுத்தது. நிர்வாகக் குழு தலைமை நிர்வாக அதிகாரியிடம் கொடுத்தது. கடைசியில் எல்லாம் ஒரே மனிதரைச் சுற்றி நின்றது. வாரியத்தில் இருந்தவர்கள் படித்தவர்கள், பெரிய பதவிகளில் இருந்தவர்கள். அவர்கள் பையில் பணம் போட்டுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. "துரை பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிட்டார்கள். நம் சங்கங்களில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பெயர் மட்டும்தான் மாறும்.

2007 ஜனவரியில், புதிய நிர்வாகம் தொடுத்த உரிமையியல் வழக்கில், துரை நாற்பது லட்சம் வெள்ளிக்கு மேல் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஜூனில் குற்றவியல் வழக்கில் மூன்று மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. எதற்கு? நிறுவனத்தை ஏமாற்றும் விதத்தில் 20,000 வெள்ளிக்கு ஒரு பொய்யான விலைச்சீட்டைப் பயன்படுத்தியதற்கு. மேல்முறையீடு தோற்று, 2008இல் சிறைக்குப் போனார். தலைவராகவும் பொருளாளராகவும் இருந்தவர்களும் நீதிமன்றப் படி ஏறினார்கள். அறநிறுவனங்கள் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று சிங்கப்பூர் 2007இல் நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. அந்தச் சிறுநீரக நிறுவனம் இன்றும் நடக்கிறது. நோயாளிகள் இன்றும் அதே அடுக்குமாடிக் கீழ்த்தளங்களில் படுத்திருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? சிறைத் தண்டனை அந்த ஒரு விலைச்சீட்டுக்காகத்தான். ஊரைக் கொதிக்க வைத்த சம்பளமும் போனஸும் முதல் வகுப்புப் பயணமும் குற்றவியல் சட்டத்தில் மாட்டவில்லை. கணக்காய்வாளனாக இருந்தவன் சொல்கிறேன்: தங்கக் குழாய்க்கும் ரசீது இருந்திருக்கும். ரசீது இருந்தால் நான் பச்சை மையில் சரி போட்டுவிட்டு அடுத்த ரசீதைப் புரட்டியிருப்பேன். செலவுக்கு ரசீது உண்டா என்பதைக் கணக்காய்வாளர் பார்ப்பார். செலவு தேவையா என்று கேட்க வேண்டியது கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்புகிறோம். நல்லது. ஆனால் அந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கும் நேரத்தில்தான் பாதிப் பேர் பிரியாணி எடுக்க எழுந்து போகிறார்கள்.

இப்போது நம் நிதிக்கு வருகிறேன். தேவை இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. நாட்டில் நீரிழிவு நோய் இந்திய வம்சாவளியினரிடையேதான் மிக அதிகம் என்று அரசாங்கத்தின் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதலிடம் அந்த நோய்க்குத்தான். சொக்சோ சந்தா கட்டியவருக்குச் சுத்திகரிப்புச் செலவுக்கு வழி இருக்கிறது. பைத்துல்மாலும் உதவுகிறது. இருந்தும் இடையில் விழுந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்: சொந்தமாகச் சிறுகடை வைத்துச் சந்தா கட்டாமல் போனவர்கள், ஊசிச் செலவுக்குத் திணறுகிறவர்கள், ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் வாரம் மூன்று முறை வண்டிக்குக் காசில்லாதவர்கள். அமானிதம் என்று நாம் சொல்லும் சொல்லுக்கு இவர்கள்தான் உரியவர்கள்.

ஆகவே தீர்மானத்தை நான் ஆதரிப்பேன், மூன்று வரிகளைச் சேர்த்தால். நிதியைக் கவனிக்கும் குழுவில் ஒருவரும் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இருக்கக் கூடாது. குழுவில் நோயாளிக் குடும்பத்திலிருந்து ஒருவர், முடிந்தால் ஒரு பெண், கட்டாயம் இருக்க வேண்டும். கேள்வி கேட்ட உறுப்பினருக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். கடைசி வரிக்குத்தான் எதிர்ப்பு வரும் என்று தெரியும். வரட்டும்.

ஏன் வரும் என்றும் தெரியும். நான் கணக்காய்வாளரான இரண்டாவது வருடம், நோயாளிகளைப் பார்க்கப் போகும் சிறு நிதியின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாரந்தோறும் தோட்டத்துப் பக்கத்து நோயாளிகள் இருவரை மலாக்கா மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டதாகச் செயலறிக்கையில் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் பெட்ரோல் செலவு ஒரு காசும் இல்லை. வண்டி ஓடாமலே ஓடியதாக எழுதிவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். கூட்டத்திலேயே எழுந்து கேட்டுவிட்டேன். அன்றைய பொருளாளர் என் அத்தா வயதுக்காரர். முகம் சிவந்துவிட்டது.

"என்ன தம்பி, நம்மளையே சந்தேகப்படுறீங்களா?"

"இல்ல நானா, பெட்ரோல் எங்கேன்னுதான் கேட்டேன்."

கூட்டம் அமைதியாகிவிட்டது. சிலர் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். அவர் சற்று நேரம் பேசாமல் நின்று, பிறகு மெதுவாகச் சொன்னார்: "என் காரு, என் எண்ணெய். அதைப் போய் எழுதுவாங்களா?"

நான்கு வருடமாக அவர் தன் கைக்காசில் ஓட்டியிருக்கிறார். வீட்டிலும் சொல்லவில்லை, அன்று கூட்டத்தில் இருந்த அவர் மகனுக்கே அது புதிய செய்தி. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கூட்டம் முடிந்து அவர் வீட்டுக்குப் போய், அதை எழுதத்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னேன். உங்களுக்குப் பிறகு வருபவருக்குக் கார் இருக்குமோ, வசதி இருக்குமோ. இந்த வேலைக்கு மாதம் எவ்வளவு பிடிக்கும் என்று சங்கத்துக்கே தெரியாமல் போய்விடுமே என்றேன். அவர் தேநீர் கொடுத்தார், பதில் சொல்லவில்லை.

அடுத்த வருடக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் இரண்டு வரிகள் இருந்தன. வரவில் பெயர் போடாத நன்கொடை 40 ரிங்கிட். செலவில் பெட்ரோல் 40 ரிங்கிட். அந்தப் புத்தகம் இன்னும் சங்க அலுவலக அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. நீல அட்டை. பொன்விழாவுக்கு வருகிறவர்கள் கேட்டால் செயலாளர் எடுத்துக் காட்டுவார்.